பிழைதிருத்தி யாரிடம் பாடம் படிக்க வேண்டும்?

போன வைகாசியில் ஒரு கும்பாபிஷேக மலர் அடித்துக் கொடுத்தோம். 80 பக்கம், 1,000 பிரதி, ஆர்ட் பேப்பர். வாழ்த்துரைப் பக்கத்தில் ‘திருப்பணிக் குழுவின் முன்னாள் தலைவர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘முன்னால் தலைவர்’ என்று விழுந்துவிட்டது. அந்த வாழ்த்துரையை எழுதியவரே அந்தத் தலைவர்தான். காரைக்குடி செக்காலை ரோட்டில் இருக்கும் எங்கள் அச்சகத்தில் ஆறு பேர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, ஆயிரம் பிரதியிலும் நெல் அளவு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினோம்.

இத்தனைக்கும் எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளில் ஓட்டிய பிறகுதான் பிளேட் போட்டிருந்தோம். அது வாயே திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? ‘முன்னால்’ அகராதியில் இருக்கிற சொல். எங்களுக்குப் புரூஃப் பார்க்கும் வாத்தியார், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தது நான். மறுநாள் வந்து பார்த்துவிட்டு, “தம்பி, சொல் சரி. உட்கார்ந்திருக்கிற இடம்தான் தப்பு” என்றார்.

அக்கா மகன் எம்சிஏ முடித்துவிட்டு வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். அவன் காதில் இது விழுந்ததும், “மாமா, வாத்தியார் ஐயா இத்தனை வருஷமாகத் திருத்தியதெல்லாம் நம்மிடம்தானே கிடக்கிறது? அதையே காட்டிக் காட்டி ஒரு மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம்” என்றான். அதிலிருந்து மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இதிலேயே போயின. என்னென்ன வழிகள் இருக்கின்றன, எங்களைப் போன்ற சின்ன அச்சகத்துக்கு எது கட்டுப்படியாகும் என்று பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆயத்தமாகக் கிடைப்பவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழையையும், நாவி சந்திப்பிழையையும் பார்க்கின்றன. தெய்வசுந்தரம் நயினாரின் மென்தமிழ், சொல்லைப் பகுதி விகுதியாகப் பிரித்துப் பார்க்கிற தனி எழுத்துச் செயலி. லாங்குவேஜ்டூல் என்று ஒரு திறமூல மென்பொருள் உண்டு. ஜெர்மனியில் டேனியல் நேபர் என்பவர் 2003இல் தம் பட்டப்படிப்பு ஆய்வேடாகச் செய்தது, இன்று பல மொழிகளுக்கு வளர்ந்திருக்கிறது. தமிழும் அதில் இருக்கிறது, ஆனால் விதிகள் கொஞ்சம்தான். இவற்றில் ஏதாவது ஒன்றை முதல் சல்லடையாக வைத்துக்கொள்வதில் எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் எங்கள் அச்சகத்தில் வரும் சரக்கு வேறு மாதிரி. மணிவிழா மலர், சதாபிஷேகப் பத்திரிகை, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு நோட்டீஸ், பழனிப் பாதயாத்திரை மலர், கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானம் எழுதும் தாள். அப்பச்சி, அயித்தை, அப்பத்தா, வளவு, பட்டாலை என்று வரிக்கு ஒரு செட்டிநாட்டுச் சொல். பெயரோடு விலாசம் வேறு, அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்து வரிசை. ‘பழ.ராம.சித.’ என்று ஒரு வீட்டு விலாசம் வந்தால், ஒவ்வொரு புள்ளியிலும் வாக்கியம் முடிந்துவிட்டதாக நினைத்து ஒரு பெயரை நாலு வாக்கியமாக வெட்டிப் போடுகிற மென்பொருளை என் கண்ணால் பார்த்தேன். அதனால் நம் சரக்குக்கு நாமே ஏதாவது செய்துகொள்ளத்தான் வேண்டும் என்று ஆயிற்று.

செய்துகொள்வதில் முதல் வழி, விதிகளை நாமே எழுதுவது. வாத்தியாருக்கு இதில் ஏக உற்சாகம். நன்னூலை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். ‘அந்த, இந்த, எந்த’ பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். நான்காம் வேற்றுமை ‘கு’வுக்குப் பின் மிகும். பெயரெச்சத்தின் பின் மிகாது, ‘படித்த பையன்’தான், ‘படித்தப் பையன்’ இல்லை. ‘ஒவ்வொரு’ வந்தால் பின்னால் ‘கள்’ வரக்கூடாது, ‘ஒவ்வொரு கோவில்களிலும்’ தப்பு. இப்படி ஒரு முப்பது விதியை மருமகன் ஒரே ராத்திரியில் பைதான் நிரல்மொழியில் எழுதிவிட்டான்.

இரண்டாம் வேற்றுமையில் வண்டி நின்றது. ‘ஐ’யில் முடிந்து அடுத்தது வல்லினமானால் ஒற்றுப் போடு என்று எழுதியிருந்தான். ‘பட்டாலை பெரியது’ என்ற வரியை அது ‘பட்டாலைப் பெரியது’ என்று மாற்றியது. பட்டாலை என்பது வீட்டின் ஒரு பகுதி, அந்த ‘ஐ’ சொல்லோடு பிறந்தது, வேற்றுமை உருபு இல்லை. சரி, அப்படிப்பட்ட சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளலாம் என்றால், பாதயாத்திரை மலரில் ‘வேலை’ வந்தது. ‘வேலை செய்தான்’ என்றால் தொழில் பார்த்தான். ‘வேலைச் செய்தான்’ என்றால் முருகனின் வேலைச் செய்து கொடுத்தான். இரண்டுமே சரி. ஒரே கட்டுரையில் காவடியோடு போன வேலும் வருகிறது, அன்னதானத்தில் வேலை பார்த்தவர்களும் வருகிறார்கள். எது எது என்று விதிக்குத் தெரியாது, பக்கத்தில் என்ன பேச்சு ஓடுகிறது என்று பார்த்தால்தான் தெரியும். விதியின் நல்ல குணம், ஏன் தப்பு என்று காரணம் சொல்லும், சொன்னதை மாற்றாது. அதன் கெட்ட குணமும் அதுவேதான்.

அடுத்தது எண்ணிப் பார்ப்பது. ஒரு மலைபோல் தமிழ்ப் பனுவலைக் கொட்டி, எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று கணக்கெடுத்து வைத்துக்கொள்கிறோம். ‘முன்னால்’, ‘முன்னாள்’ இரண்டில் ‘தலைவர்’ என்பதற்கு முன் எது அதிகம்? அதிகம் இருப்பதைச் சரி என்று எடுத்துக்கொள்கிறோம். எங்கள் ஸ்டிக்கர் ராத்திரியை இந்த எளிய வித்தையே காப்பாற்றியிருக்கும். ஆங்கிலத்தில் இப்படிக் குழம்பும் இணைகளை வைத்து மைக்ரோசாஃப்டில் பாங்கோ, பிரில் என்ற இருவர் 2001இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். பயிற்சிப் பனுவலை 100 கோடிச் சொல் வரைக்கும் ஏற்றிக்கொண்டே போனபோது, எந்த முறையைக் கையாண்டாலும் திறன் ஏறிக்கொண்டே போனது. முறையைப் பட்டை தீட்டுவதைவிடச் சரக்கைப் பெருக்குவது லாபம் என்று அதிலிருந்து பலரும் எடுத்துக்கொண்டார்கள்.

தமிழில் அது அப்படியே பலிப்பதில்லை. ஆங்கிலத்தில் ‘வீடு’ என்பதற்கு இரண்டு மூன்று வடிவம். நமக்கு வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்கும், வீட்டுக்காரர்களுக்காகவும் என்று ஒரு சொல்லே ஒரு கிளை வம்சமாகப் பிரிகிறது. அத்தனையும் தனித்தனிச் சொல்லாக எண்ணினால் கணக்கு சிதறிப்போகும், பெரும்பாலான சோடிகளுக்குச் சுழியம்தான் கிடைக்கும். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் உண்டு, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அது கலைக்களஞ்சிய நடை. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைத்திருக்கும் மதுரைத் திட்டத்தில் நல்ல பனுவல் கிடைக்கும், ஆனால் பெரும்பகுதி செய்யுள். “கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த பழைய பத்திரிகைகள் சென்னை நூலகத்தில் இருக்கின்றனவே மாமா, அது நம்ம ஊர்ச் சொத்து” என்றான் மருமகன். ஆசைதான். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் ணா, றா, னா, லை, னை எல்லாம் பழைய வடிவில் இருக்கும். ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும்போதே பாதி குழம்பும். குழம்பியதைச் சரியான தமிழ் என்று நம் மென்பொருள் படித்துக்கொள்ளும்.

இதைவிட எனக்கு உறுத்தியது வேறு. எண்ணிப் பார்ப்பது என்றால் பெரும்பான்மைக்குத் தலையாட்டுவது. கல்யாணப் புடவைக்குக் ‘கூறைப்புடவை’ என்று வல்லின றகரம் போட வேண்டும். ‘கூரைப்புடவை’ என்று எழுதி, ஓடு போட்ட புடவையாக்கி வைப்பவர்களுக்கு இணையத்தில் குறைவே இல்லை. அவர்களிடம் பாடம் படித்த மென்பொருள், வாத்தியார் சரியாக எழுதியதைத் திருத்த வரும். அரிதாக வரும் சொல் எல்லாம் அதற்குச் சந்தேகக் கேஸ். ‘அயித்தை’யை ‘அத்தை’ ஆக்கச் சொல்லும். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையில் அயித்தையை அத்தையாக்கினால் என்ன நடக்கும் என்பது செட்டிநாட்டில் பத்திரிகை அடித்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, பிழையும் திருத்தமுமாகச் சோடி போட்டுக் காட்டுவது. தவறான வரி இது, சரியான வரி இது என்று ஆயிரக்கணக்கில் காட்டினால், நரம்பியல் மாதிரி ஒன்று, அதாவது எடுத்துக்காட்டுகளைப் பார்த்தே கற்றுக்கொள்ளும் மென்பொருள், தானாகப் போக்கைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்க வேண்டாம். கூகுளின் எம்டி5 என்ற மாதிரி தமிழ் உட்பட 101 மொழிகளை ஏற்கெனவே படித்து வைத்திருக்கிறது. அதன் சின்ன வடிவமே 30 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் மாறிக்கொள்ளும் உள் எண்கள்) கொண்டது. அதற்கு மேல் நம் சோடிகளைக் காட்டி ஒரு சுற்றுப் பயிற்சி கொடுத்தால் போதும். அதற்கு வேண்டிய ஜிபியு என்ற வேகமான கணிப்புச் சில்லை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம்.

ஆனால் சோடிக்கு எங்கே போவது? விக்கிப்பீடியாவில் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கட்டுரையின் திருத்த வரலாறும் அங்கே அப்படியே இருக்கும். முந்தைய பதிப்பில் இருந்து அடுத்ததில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தால், பெரும்பாலும் அது பிழைதிருத்தம். இன்னொரு வழி, சரியான பனுவலை எடுத்து நாமே பிழை செய்வது. ‘குன்றக்குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது’ என்ற வரியிலிருந்து ப், ச் இரண்டையும் உருவிவிட்டால் ‘குன்றக்குடிக்கு போய் சேர்ந்தபோது’. ஒரு சோடி தயார். இயந்திரம் இப்படி நிமிஷத்துக்கு ஆயிரம் செய்யும். எங்கள் முதல் தப்பு இங்கேதான். ஒற்றை உருவ மட்டுமே கற்றுக்கொடுத்திருந்தோம், தேவையில்லாத இடத்தில் சேர்க்கச் சொல்லவில்லை. பயிற்சி முடிந்ததும் அது கண்ட இடத்திலெல்லாம் ஒற்றுப் போட ஆரம்பித்தது. பிழை என்றாலே ஒற்று விட்டுப்போவதுதான் என்று அது நினைத்துக்கொண்டது, நாம் காட்டியது அதைத்தானே. ‘படித்தப் பையன்’, ‘ஊறுக்காய்’ மாதிரித் தப்புகளையும் செய்து காட்டிய பிறகுதான் அடங்கியது. எந்தப் பிழையும் இல்லாத வரிகளையும் தாராளமாகக் கலந்து, ‘இதைத் தொடாதே’ என்றும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது ஊற்று எங்கள் பரண். வாத்தியார் சிவப்பு மையில் திருத்திய புரூஃப் தாள்கள், அவற்றுக்குரிய பேஜ்மேக்கர் கோப்புகள், திருத்தத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. மூட்டையை இறக்கியதும் தும்மல் வந்தது, கோப்பைத் திறந்ததும் தலைவலி வந்தது. எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள். தமிழக அரசே 2010இல்தான் யூனிகோடைத் தரமாக அறிவித்தது, டிடிபி உலகம் அதற்குப் பிறகும் வெகுநாள் பழையதை விடவில்லை. அந்த எழுத்துருக்களில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால் என்று இருக்கும். மாற்றியில் போட்டு எடுத்தால் ‘க’வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றாக வரலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். பார்க்க இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டு வெவ்வேறு சொல். இதைச் சீராக்க யூனிகோடிலேயே இயல்பாக்கம் என்று ஒரு வழி இருக்கிறது, ஒரு வரி நிரல்தான். ‘ஔவை’யை ஒகரமும் ளகரமுமாகத் தட்டி ‘ஒளவை’ என்று வைத்திருந்தால் அதை எந்த இயல்பாக்கமும் தீர்க்காது. ரகரத்துக்குப் பதில் காலைத் தட்டிப் புள்ளி வைத்த இடங்களும் அப்படித்தான். மூன்று மாதத்தில் ஒன்றரை மாதம் இந்தச் சாணை பிடிப்பிலேயே போயிற்று. பயிற்சிக்கு இரண்டு ராத்திரி.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது, விவரம் தெரியாதவர்கள் விழுவார்கள். சில மாதிரிகள் பனுவலை உள்ளே வாங்கும்போது, ஐரோப்பிய மொழிகளின் மேற்குறிகளைத் துடைப்பதாக நினைத்து, நம் புள்ளியையும் ஈகாரக் குறியையும் துடைத்துவிடும். ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் வெளியிட்ட இண்டிக்பெர்ட் என்ற இந்திய மொழி மாதிரியை ஏற்றும்போது, குறிகளைக் காப்பாற்று என்று தனியாகச் சொல்ல வேண்டும், அவர்கள் தரும் வழிமுறையிலேயே அது இருக்கிறது. சொல்லாமல் விட்டால், ஒற்றைத் திருத்த வந்த மென்பொருளின் கண்ணுக்கு ஒற்றே தெரியாது.

நான்காவது, எல்லோரும் இன்று முதலில் கேட்பது: சாட்ஜிபிடி போன்ற பெரிய உரையாடல் மாதிரியிடமே கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தோம். பெயரைச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் அசந்துபோனேன். ‘வேலை’யைச் சரியாகப் பிரித்தது. நாலு வரிக்கு அப்பால் இருக்கும் எழுவாய் பன்மை என்பதை நினைவில் வைத்து ‘இருக்கின்றது’ என்பதை ‘இருக்கின்றன’ ஆக்கியது. விதி எழுதி இதைச் செய்ய எங்களுக்கு ஒரு ஜென்மம் போதாது.

அப்புறம் மணிவிழா மலரின் கட்டுரை ஒன்றைக் கொடுத்தோம். “எங்கள் அப்பச்சி பர்மாவிலிருந்து வந்தார்கள்” என்று மகள் எழுதியிருந்தார். அது “எங்கள் அப்பா பர்மாவிலிருந்து வந்தார்” என்று மாற்றிவிட்டுப் பணிவாக ஒரு விளக்கமும் கொடுத்தது. ஒருமை எழுவாய்க்கு ஒருமை வினையாம். அப்பனை ‘வந்தார்கள்’ என்று சொல்வது இங்கே மரியாதை. அதை இலக்கணப் பிழை என்று சொல்லும் மென்பொருளை வைத்துக்கொண்டு இந்த ஊரில் தொழில் செய்ய முடியாது. இப்படிச் செய், இதைத் தொடாதே என்று கட்டளையில் எழுதி எழுதிப் பார்த்தோம். பத்துக்கு எட்டு முறை கேட்டது. கேட்காத இரண்டில், யாரும் கேட்காமலே ஒரு வாக்கியத்தை அழகாக்கி வைத்திருந்தது. எழுதியவரின் நடையே போயிற்று.

செலவும் பார்க்க வேண்டும். இந்த மாதிரிகள் எழுத்தை எண்ணுவதில்லை, டோக்கன், அதாவது சொல்லை வெட்டிய துண்டுகளை, எண்ணிக் காசு வாங்குகின்றன. ‘வீட்டுக்குப்’ என்பது நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் 12 குறி, ஒவ்வொன்றும் மூன்று பைட்டாக 36 பைட். அதனால் தமிழுக்கு டோக்கன் நிறையச் செலவாகும். 2024இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஜிபிடி-4ஓவில், அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு வரிக்கு 116 டோக்கனாக இருந்தது 35 ஆகக் குறைந்தது. முன்பைவிடப் பரவாயில்லை, ஒரு மலருக்கு ஆகும் காசு பெரிதும் இல்லை. என்னைத் தடுத்தது காசு இல்லை, பாகப்பத்திரம். எங்களிடம் உயில், பாகப் பிரிவினை, பஞ்சாயத்து முறி எல்லாம் டைப் அடிக்க வருகின்றன. ஒரு வீட்டின் சொத்து விவரத்தை எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பிப் பிழை பார்த்தேன் என்று வெளியே தெரிந்தால், மறுநாள் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

இத்தனையையும் எடை போடும்போது ஒரு அளவுகோல் கைகொடுத்தது. பிழைதிருத்த ஆராய்ச்சியில் 2014ஆம் ஆண்டு கான்எல்எல் போட்டியிலிருந்து எஃப்0.5 என்ற மதிப்பெண்ணைப் பெரிதும் பார்க்கிறார்கள். எத்தனை பிழையைப் பிடித்தாய் என்பதைவிட, பிடித்ததில் எத்தனை நிஜப் பிழை என்பதற்கு இரண்டு மடங்கு எடை. இதை வாத்தியாரிடம் சொன்னபோது அவருக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. “சரியானதைத் தப்பு என்று வட்டம் போடுகிறவனிடம் யார் புரூஃப் கொடுப்பான்?” என்றார். விட்டுப்போன பிழையை வாத்தியார் பிடித்துக்கொள்வார். மென்பொருள் சரியானதைக் கெடுத்து வைத்தால், அதை யாரும் தேடக்கூட மாட்டார்கள்.

அந்தக் கணக்கில் எங்களுக்குப் படிந்தது, மூன்றாவது வழியில் ஒரு சின்னத் திருப்பம். வரியை முழுக்கத் திருப்பி எழுதும் மாதிரி வேண்டாம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அடையாளம் மட்டும் போடும் மாதிரி போதும். ஆங்கிலத்துக்கு 2020இல் கிராமர்லி ஆய்வாளர்கள் ஜெக்டார் என்ற பெயரில் இப்படி ஒன்றைச் செய்தார்கள். தமிழ்ச் சந்திக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. க், ச், த், ப் நான்கு ஒற்று, சேர் அல்லது நீக்கு, ஆக எட்டே அடையாளம். மிச்சமெல்லாம் ‘அப்படியே விடு’. அதோடு குழம்பும் இணைகளுக்கு ஒரு பட்டியல்: முன்னாள்/முன்னால், கூறை/கூரை, இரங்கல்/இறங்கல், மணம்/மனம், பணி/பனி. இந்த அடையாளங்களுக்கு வெளியே அதனால் எதையும் மாற்ற முடியாது, நினைத்தாலும் அப்பச்சியை அப்பாவாக்க முடியாது. அடியில் கூகுளின் மூரில் என்ற இந்திய மொழி மாதிரி இருக்கிறது, 2021இல் வந்தது, தமிழ் உட்பட 17 மொழிகள் படித்தது. பயிற்சி முடிந்தபின் கடையில் இருக்கும் பழைய கணினியிலேயே, நெட் இல்லாமல் ஓடுகிறது.

முப்பது விதிகளில் சந்தேகமில்லாத பன்னிரண்டை மட்டும் மேலே வைத்தோம். பட்டாலையைக் கெடுத்த விதியை எடுத்துவிட்டோம், அந்த வேலை இப்போது மாதிரியுடையது. பெரிய உரையாடல் மாதிரியை முழுக்க ஒதுக்கவில்லை. பத்திரம், உயில் தவிர்த்த வேலைகளில், எழுவாய் பயனிலைச் சந்தேகம் இருந்தால் வாத்தியார் தாமே ஒரு வரியைத் தட்டிக் கேட்டுப் பார்க்கிறார். கேட்டுவிட்டு அதனோடு சண்டையும் போடுகிறார்.

இதே முடிவு எல்லோருக்கும் பொருந்தாது. நாளிதழ் நடத்துகிறவர்களிடம் சரியான பனுவல் மலையாகக் குவிந்திருக்கும், அவர்கள் எண்ணும் வழியிலேயே நிறைய தூரம் போகலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிழை சொல்லிக் கொடுப்பது நோக்கமானால் விதிதான் நல்லது, காரணம் சொல்லும். திருத்திய தாள்கள் பரணில் இல்லாதவர்கள் அடையாள வழியை இப்போதைக்குத் தொட வேண்டாம், நாமே செய்த பிழைகள் மட்டும் வைத்துப் பயிற்சி கொடுத்தபோது எங்களுடையது சொதப்பிக்கொண்டுதான் இருந்தது. மனிதர்கள் செய்யும் பிழை வேறு தினுசு. எங்கள் டிடிபி பெண்ணுக்கு ண, ன தகராறே கிடையாது, ர, றவில் மட்டும் தடுமாறுவார். அது பரண் தாள்களில்தான் தெரிந்தது.

சோதனைக்குக் கடைசி ஒரு வருஷத்து வேலைகளிலிருந்து 200 வரி எடுத்து, பயிற்சியில் காட்டாமல் தனியாகப் பூட்டி வைத்திருக்கிறோம். புதிதாக எதை மாற்றினாலும் அந்த 200இல் ஓட்டிப் பார்ப்போம். சாயங்காலம் கடை சாத்துவதற்கு முன் அன்றைய சிவப்பு மைத் திருத்தங்களை டிடிபி பெண் யூனிகோடில் தட்டிச் சேர்த்துவிடுகிறார். மாதம் ஒருமுறை மருமகன் வந்து மறுபடி பயிற்சி ஓட்டுகிறான்.

ஒரே ஒரு விஷயத்தில் இன்னும் இழுபறி. வாத்தியார் ‘கோயில்’ என்பார். நகரத்தாரின் ஒன்பது கோவில்களுக்கு மலர் அடிக்கக் கொண்டு வருகிறவர்கள் ‘கோவில்’ என்பார்கள். இரண்டும் சரி. பழைய தாள்களில் இரண்டையும் மாற்றி மாற்றித் திருத்தியிருக்கிறார், அதைப் பார்த்த மாதிரியும் நாளுக்கு ஒன்று சொன்னது. இந்தச் சொல்லைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம். வேலை வாங்கும்போது வாடிக்கையாளரிடம் கேட்டு, ஜாப் கார்டில் எழுதி வைத்துக்கொள்கிறோம்.